கருப்பு விழுந்த பொட்டலங்கள்

என் கிளினிக்குக்கு வருகிறவர்கள் என்னை நம்பி வாயைத் திறப்பதில்லை. ஒரு குக்கரை நம்பித்தான் திறக்கிறார்கள். எனக்கு இதில் வருத்தமில்லை. என் முகத்தைப் பார்த்தால் நானே திறக்கமாட்டேன்.

பழவேற்காடு கடைத்தெருவில் ஒரு டீக்கடைக்கும் வலைக்கடைக்கும் நடுவில் செருகினாற்போல இருக்கிறது என் பல் கிளினிக். மீஞ்சூரிலிருந்து பைக்கில் வந்துபோகிறேன். வந்த புதிதில் நாற்காலியில் சாய்ந்திருந்த ஒரு அம்மா என் கையிலிருந்த குறட்டைப் பார்த்து, "இதுக்கு மின்னாடி இது எத்தினி பேரு வாயில பூந்து வந்திச்சி?" என்று கேட்டார்.

"சுத்தமானதும்மா."

"அத்த நீ சொல்ற. அது சொல்லுதா?"

அந்தக் கேள்வி ஒரு வாரம் என்னை விடாமல் துரத்தியது. காரணம், அது சரியான கேள்வி. ரத்தத்தில் இருக்கும் கிருமி, கண்ணுக்குத் தெரியாத ஒரு துளியில் உட்கார்ந்து ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்குச் சவாரி போய்விடும். குறடு முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளத்தாலும் போகும். கல்லீரலைக் கெடுக்கிற மஞ்சள் காமாலை அப்படிப் பரவலாம். படித்த காலத்தில் பரீட்சைக்காக மனப்பாடம் செய்ததை, ஏரியில் இறங்கிப் பிழைக்கும் அந்த அம்மா ஒரே வரியில் கேட்டுவிட்டார்.

அதற்குப் பதில் என்னிடம் இருந்தது. கருவிகளைக் கழுவித் துடைத்து, காகிதப் பைகளில் போட்டு ஒட்டி, ஆட்டோகிளேவில் வைப்போம். பார்க்க ஒரு கல்யாணவீட்டுக் குக்கர் மாதிரி இருக்கும். உள்ளே நீராவி அழுத்தத்தில் எல்லாம் வெந்து வரும். பையின் மேல் வெளிர்ரோஜா நிறத்தில் ஒரு சின்னக் கோடு உண்டு. நீராவிச் சூடு பட்டால் அது கருப்பாகிவிடும். ஆக, கருவி பேசும். பேசுவது நமக்குப் புரியவேண்டும், அவ்வளவுதான்.

இங்கேதான் என் பழைய வியாதி தலைதூக்கியது. எதைச் சொன்னாலும் ஒரு உவமையோடு சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. நாற்காலியில் உட்காரும் ஒவ்வொருவரிடமும் சொன்னேன்: "எறா வெந்தா நிறம் மாறுதில்ல? அதே மாதிரி இந்தக் கோடும் மாறும். மாறியிருக்கான்னு பாத்துட்டு அப்புறம் வாயைத் தொறங்க." ஏரிக்கரையில் எறாவை வைத்து ஒரு உவமை! சொல்லும்போதெல்லாம் எனக்கு நானே ஒரு மாலை போட்டுக்கொண்டேன்.

கிளினிக்கில் எனக்கு உதவியாக இருப்பவர் ஒரு அக்கா. கடலோரக் குப்பத்துக்காரர். பொன்னேரியில் பத்து வருஷம் இதே வேலை பார்த்தவர், கருவிகளைக் கழுவி வேகவைப்பதில் என்னைவிடக் கறாரானவர். அவருக்கு மட்டும் இந்த உவமை பிடிக்கவில்லை.

"எறாக் கதையெல்லாம் இன்னாத்துக்கு டாக்டரே? கோடு கருப்பா இருந்தா நல்லது, இல்லாட்டி தொடாதன்னு சொல்லிட்டுப் போயேன்."

"உவமை இல்லாம சொன்னா மனசுல நிக்காது அக்கா."

"உன் மனசுலதான் நிக்கலை" என்றார்.

ஒருநாள் காலை நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வந்தார். மேலுதடு வீங்கி மூக்கைத் தொட்டுக்கொண்டிருந்தது. கூடவே அவருடைய புருஷனின் அக்கா. வந்ததும் நோயாளிக்கு முன்னால் நாத்தனார்தான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்து, "நல்லாத்தான் கீது, ஏறுமே" என்று அனுமதி கொடுத்தார்.

மேல்வரிசை முன்பல் ஒன்று அழுகி, வேருக்கு மேலே சீழ் கட்டியிருந்தது. வேறெங்கோ காட்டியிருக்கிறார்கள். பிடுங்கிவிடலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். இந்தப் பெண் எழுந்து வந்துவிட்டார்.

"புடுங்கிட்டா பறிய எதுல கவ்வுறது?" என்று வீங்கிய உதட்டுக்குள்ளிருந்து கேட்டார்.

அவர் ஏரியில் கைகளால் எறா தடவிப் பிடிப்பவர். கழுத்தளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவவேண்டும். அகப்பட்ட எறாவைப் போட்டுவைக்கப் பனையோலைப் பறி வேண்டும். கைகள் இரண்டும் தண்ணீருக்கடியில் இருப்பதால் பறியின் விளிம்பைப் பற்களால் கவ்விக்கொள்வார்கள். நமக்கெல்லாம் முன்பல் சிரிப்பதற்கு. அவருக்கு அது மூன்றாவது கை.

"முகத்துவாரம் தொறந்துகீது டாக்டரே" என்றார் நாத்தனார். "எறா ஏறுது. இப்ப இவ ஊட்டுல குந்திகினா வருஷம் பூரா குந்திகினு இருக்கணும்."

படம் எடுத்துப் பார்த்தேன். எனக்குள் ஒரு பட்டாசு வெடித்தது. வேர் திடமாக இருந்தது! இந்தப் பல்லைக் காப்பாற்றிவிடலாம்! என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் கடைசி நேரத்தில் வந்து 'புடுங்கு' என்று மட்டும் சொல்வார்கள். வேர்ச்சிகிச்சை செய்ய எனக்கு வாய்ப்பு வருவது, வலையில் திமிங்கலம் விழுவது மாதிரி. இன்றே பல்லைத் திறந்து சீழை வடித்தாகவேண்டும், விட்டால் வீக்கம் மேலே ஏறும், பிறகு பல்லைப் பற்றிப் பேசவே இடமிருக்காது. நான் கையுறையை மாட்டிய வேகத்தில் ஒன்று கிழிந்தது. இன்னொன்று மாட்டினேன். அதற்குள் மின்சாரம் போனது.

"சாயங்காலம் அஞ்சு மணிக்குத்தான் வரும், லைன் வேலை" என்று டீக்கடையிலிருந்து குரல் வந்தது.

கவலையில்லை. இன்வெர்ட்டரில் விளக்கும் சின்ன மோட்டாரும் ஓடும். உற்சாகத்தின் உச்சியில் நான் அதுவரை செய்யாத ஒன்றைச் செய்தேன். எப்போதும் அக்காதான் பொட்டலத்தை எடுத்து வந்து காட்டுவார். அன்று நான் நாத்தனாரிடம், "பின்னாடி ரூம்ல பொட்டலம் இருக்கு. நீங்களே பாத்து நல்லதா ஒண்ணு எடுத்துட்டு வாங்க. எறா மாதிரி, நிறத்தைப் பாத்து!" என்றேன். என் தோள்களில் புது மாலைகள் விழுந்தன. அக்கா அந்த நேரம் பார்த்து மருந்துக்கடைக்குப் போயிருந்தார்.

நாத்தனார் போனவர் போனவர்தான். பின்னறையில் சரசரவென்று சத்தம். நான் நோயாளிக்கு மரத்துப்போக ஊசி போட்டு, வேர்ச்சிகிச்சையின் மகிமை பற்றி ஒரு சொற்பொழிவும் முடித்தபிறகு ஒரு பொட்டலத்தோடு வந்தார்.

"தேடி எடுத்தேன். நயம் சரக்கு."

முகக்கவசத்தின் ஆவியில் என் கண்ணாடி பனிபூத்திருந்தது. அப்படியே பையைப் பரபரவென்று கிழித்தேன். கிழித்தபின் பாடத்தை முடித்துவைக்க எண்ணி, "பாத்தீங்களா, கோடு..." என்று தூக்கிக் காட்டினேன். கோடு வெளிர்ரோஜா நிறத்தில் அழகாக இருந்தது. வேகாத பொட்டலம்!

அதே நொடியில் மருந்துக்கடையிலிருந்து திரும்பிய அக்கா பின்னறையிலிருந்து கத்தினார்: "அய்யய்யோ! யாரு இந்த வேலை பண்ணது?"

ஓடிப்போய்ப் பார்த்தேன். மேசையில் இரண்டு தட்டுகள். ஒன்றில் வெந்து கருத்த கோட்டுப் பொட்டலங்கள் இருந்திருக்கவேண்டும், காலியாக இருந்தது. இன்னொன்றில் அன்று வேகவைக்க அடுக்கியிருந்தவை, ஒன்று குறைய அப்படியே இருந்தன. கருத்த கோட்டுப் பொட்டலங்கள் அத்தனையும், காலையில் பல் பிடுங்கிய கருவிகள் ஊறும் தொட்டியில் மிதந்துகொண்டிருந்தன.

"கழிச்சிட்டேன்" என்றார் நாத்தனார் வாசலில் நின்று, கடமை முடித்த நிம்மதியோடு.

"ஏம்மா?"

"எல்லாத்திலயும் கருப்பு விழுந்துகீதே! கருப்பு விழுந்த எறாவை எந்தக் கம்பெனிக்காரன் எடுக்கிறான்? ஒண்ணு தட்டுல கெடந்தா மொத்தத்துக்கும் ரேட்டைக் கொறைப்பான். நானு கரையில தரம் பிரிக்கிறவ டாக்டரே. என் கண்ணுக்குத் தப்புமா?"

வெந்த எறா சிவக்கும். கெட்ட எறா கருக்கும். பிறந்ததிலிருந்து எறாவோடு வாழ்கிற ஒருவரிடம் போய் 'எறா மாதிரி நிறத்தைப் பார்' என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். அவர் எறாவைப் பார்க்கிற மாதிரியே பார்த்திருக்கிறார். தப்பு அவர் கண்ணில் இல்லை.

அக்கா என்னைப் பார்த்த பார்வையில் ஒரு கிலோ எறா வெந்திருக்கும். "இன்னொரு உவமை சொல்லேன் டாக்டரே" என்றார்.

கண்ணாடி பனிபூத்த அந்தக் கணத்தில் பாடம் நடத்தும் ஆசையும் இல்லாதிருந்தால்? வேகாத கருவி அந்தப் பெண்ணின் வாய்க்குள் போயிருக்கும். நல்லவேளையாக, பொட்டலத்தை வெளியாள் எடுத்தது அதுதான் முதல் தடவை. அன்றோடு அதுவே கடைசியும்.

ஆனால் நாற்காலியில் ஊசி போட்ட நிலையில் அந்தப் பெண் காத்திருந்தார். கையில் வெந்த கருவி ஒன்றுகூட இல்லை. ஆட்டோகிளேவுக்கு மின்சாரம் இல்லை. இன்வெர்ட்டர் அதன் சூட்டைத் தாங்காது.

"நாளைக்கு வரச்சொல்லட்டுமா?" என்று கேட்டேன்.

"நாளைக்கு இந்த உதடு எங்க போய் நிக்குமோ" என்றார் அக்கா. பரணில் ஏறி, நான் இந்த இடத்தை வாங்கியபோது கூடவே வந்த பழைய ஆட்டோகிளேவை இறக்கினார். அடுப்பில் வைத்து எரிக்கிற வகை. நான் அதைப் பழைய சாமான்காரனுக்குப் போட இருந்தேன். அவர்தான் மாதம் ஒருமுறை துடைத்து, ரப்பர் வளையத்தைச் சரிபார்த்து வைத்திருந்தார்.

டீக்கடை மாஸ்டர் ஒற்றையடுப்பையும் சிலிண்டரையும் தூக்கிக்கொண்டு வந்தார். "அரை மணி நேரம் டீ கெடையாது, எல்லாரும் டாக்டரு கடைக்கு வாங்க" என்று அறிவிப்பு வேறு. வாசலில் கூட்டம் கூடிவிட்டது. கூட்டத்தை உள்ளே விடாமல் நாத்தனார் கதவில் கையை விரித்து நின்றார். குற்ற உணர்ச்சியில் அல்ல. அதிகாரத்தில்.

அக்கா வேகாத பொட்டலங்களை உள்ளே அடுக்கி அடுப்பேற்றினார். அழுத்தம் காட்டும் முள் நகர ஆரம்பித்தது. "ஏறுது நைனா, ஏறுது!" என்று ஒருவர் ஜன்னலில் தொங்கி வர்ணனை கொடுத்தார். அழுத்தம் வேண்டிய அளவைத் தொட்டதும் அக்கா கடிகாரத்தைப் பார்த்தார். "இப்பலேர்ந்துதான் கணக்கு."

இருபது நிமிஷம் ஆனதும் மாஸ்டர், "ஆட்டுக்கறியே வெந்துடும் இந்நேரம், எறக்கு" என்றார்.

"முப்பது நிமிஷம்" என்றார் அக்கா. "உன் டீயாட்டம் அரைவேக்காடு இல்ல இது."

இறக்கியபின்னும் திறக்க விடவில்லை. அழுத்தம் தானாக அடங்கவேண்டும், பைகள் காயவேண்டும், ஈரப் பையில் கிருமி ஏறிவிடும். நான் அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். பிரசவ வார்டுக்கு வெளியே கணவன் நடப்பானே, அப்படி. (பாருங்கள், இன்னும் விட்டபாடில்லை.)

அந்த நேரத்தில்தான் நோயாளி பேசினார். அதுவரை வீங்கிய உதட்டோடு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர்.

"அண்ணி, புதுச் சட்டி அடி எப்பிடி இருக்கும்?"

"செவப்பா இருக்கும்."

"அடுப்பேறுன சட்டி?"

"கருப்பா."

"அவ்ளோதான். கருத்தா அடுப்பேறிச்சி. கருக்கலைன்னா ஏறலை. இத்த சொல்றதுக்கு எறாவ எதுக்கு இயுத்தாரு இந்தாளு?"

கூட்டம் சிரித்தது. நான் ரொம்ப நேரம் கையுறையைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

மூடி திறந்தது. நாத்தனார் தொடாமல் குனிந்து, ஒவ்வொரு பொட்டலத்தையும் ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். "எல்லாம் அடுப்பேறிகீது. ஆரம்பி" என்றார். அப்போதுதான் அக்கா ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். இன்னொரு ஊசி போட்டு, பல்லைத் திறந்தேன். சீழ் இறங்கியது. நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிக்கொண்டிருந்த அந்தப் பெண்ணின் விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. விரல்களெங்கும் எறாமுள் கீறிய கோடுகள். கண்ணைமூடி ஒரு பெருமூச்சு விட்டார். எனக்கு எழுந்து ஆடவேண்டும் போல இருந்தது. அக்கா இருந்ததால் ஆடவில்லை.

அதன்பிறகு மூன்று முறை வந்தார். வீக்கம் வடிந்து, வேரை அடைத்து, பல்லுக்கு உறை போட்டோம். அதுவரை பறியை முன்பல்லில் கவ்வக்கூடாது என்று சொல்லியிருந்தேன். கடைவாயில் கவ்விக்கொண்டு பாதி நேரம்தான் நிற்க முடிகிறது, கழுத்து ஒருபக்கமாக இழுத்துக்கொள்கிறது என்றார். நாத்தனார் தன் பங்கு எறாவில் ஒரு பகுதியை அவருக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவந்தார். அதைப்பற்றிக் கேட்டால், "அவ சொம்மா குந்திகினு இருந்தா எனக்குத்தான் பேஜாரு" என்று சொல்லிவிடுவார்.

உறையை ஒட்டி ஒரு வாரம் கழித்து, கடைசியாக ஒருமுறை பார்க்க வரச்சொல்லியிருந்தேன். ஏரியிலிருந்து நேராக வந்துவிட்டார்கள். கால்களில் சேறு. தோளில் பறி, அதிலிருந்து சொட்டுச்சொட்டாக ஏரித்தண்ணீர், அக்கா காலையில்தான் மருந்து போட்டுத் துடைத்த தரையில்.

"டாக்டரே, இப்ப கவ்விப் பாக்கலாமா? உன் எதிர்லயே பாத்துடறேன். அங்க போயி புட்டுகினா யாரைக் கேக்கிறது?"

"இங்கயா?" என்று அக்கா துடைப்பத்தோடு பாய்ந்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். எனக்கும் தெரியவேண்டும். படத்தில் நன்றாக இருந்தது, தட்டிப்பார்த்தால் நன்றாக இருந்தது. ஆனால் இந்தப் பல் சாப்பிடுவதற்கான பல் இல்லையே.

அந்தப் பெண் நடு அறையில் நின்று பறியின் விளிம்பைப் பற்களில் கவ்வினார். கைகளை விட்டார். பறி தொங்கியது.

"சொம்மா பறி யாரு வேணாலும் கவ்வுவாங்க" என்று சொல்லி நாத்தனார் என் மேசையிலிருந்த இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தூக்கி அதற்குள் போட்டார். என் இதயம் அதோடு சேர்ந்து உள்ளே விழுந்தது. அந்தப் பெண்ணின் தலை லேசாக முன்னால் சாய்ந்தது, பிறகு நிமிர்ந்தது. பறி நேராக நின்றது. அவர் குனிந்து, இல்லாத சேற்றில் இரண்டு கைகளாலும் தடவினார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். பிடித்த ஏதோ ஒன்றைப் பறிக்குள் போட்டார். மறுபடி தடவினார்.

"வலிக்குதாம்மா? ஆடுதா? எப்பிடி இருக்கு?" என்று அடுக்கினேன்.

பறியை விடாமல் பல்லிடுக்கில் ஏதோ சொன்னார். எனக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை.

"இன்னா சொல்றாங்க?" என்று நாத்தனாரைக் கேட்டேன்.

"தண்ணி வத்துற நேரம் வந்துடுச்சாம், கெளம்பணுமாம்" என்றார் அவர். பாட்டிலை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தார். இந்தப் பெண் பறியைக் கவ்வியபடியே பின்னால் போனார்.