அக்காவின் பாஸ்புக்கை ஊருக்குக் காட்டினேன்

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்து, காலேஜ் சேர்க்கை மும்முரமாக இருந்த சமயம். நான் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை செய்கிறேன். தினமும் காலையில் ஆரம்பாக்கத்தில் ரயில் ஏறுவேன். பெண்கள் பெட்டியில் என்றைக்கும் அதே முகங்கள்தான். கம்பெனிகள் வேறு வேறாக இருந்தாலும் பேச்சும் சிரிப்பும் ஒன்றாகவே போகும். “சம்பளம் வந்து நம்மளுக்கு ஒரு வணக்கம் வெச்சிட்டு, நேரா கடன்காரன் ஊட்டுக்குப் போவுது” என்று ஒருத்தி சொல்வாள் பாருங்கள், பெட்டியே அதிரும்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. யாருக்காவது கஷ்டம் என்றால் பெட்டிக்குள் ஒரு டப்பா சுற்றி வரும். கை உள்ளே போய் வெளியே வரும். யார் எவ்வளவு போட்டார்கள் என்று பார்க்கக் கூடாது. எல்லோரும் போனிலேயே பணம் அனுப்பப் பழகிய பிறகு டப்பா நின்றுவிட்டது. உதவி வேண்டியவரின் கணக்கு விவரத்தை எங்கள் பெட்டிக்கான வாட்ஸ்அப் குழுவில் போடுவோம். மொத்தம் நாற்பது பேர், எல்லோரும் தெரிந்தவர்கள்.

என்னோடு அதே கம்பெனியில் வேலை செய்யும் அக்கா ஒருவர் அன்று என் பக்கத்தில் உட்கார்ந்தார். வீட்டுக்காரர் இல்லை. ஒரே மகள்.

“பாப்பாவுக்கு நர்சிங் சீட்டு கெட்ச்சிருச்சுடி. பாதி ஃபீஸுக்கு டப்பு சேத்து வெச்சிக்கினு கீறேன். மீதிக்குத்தான் பேஜாரா கீது. அடுத்த வெள்ளிக்கெழமைக்குள்ள கட்டணுமாம்.”

“ஊசி போடக் கத்துக்கினு வந்து மொதல்ல நம்மளத்தான் குத்தப் போவுது” என்று எதிர் சீட்டுக்காரி சொன்னாள். அக்காவும் சிரித்தார். பிறகு பையிலிருந்து பாஸ்புக்கை எடுத்து, “நம்ம குரூப்புல மட்டும் போடு” என்று என்னிடம் கொடுத்தார். முதல் பக்கத்தைப் படம் பிடித்துப் போட்டேன். பெயர், முகவரி, கணக்கு எண், போன் நம்பர் எல்லாம் அதில் இருந்தன.

அதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

இரண்டு நாளில் கொஞ்சம்தான் சேர்ந்தது. மாதக் கடைசி, யார் கையிலும் காசில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் பக்கத்து ஊர்க்காரர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும் ஒரு ஃபேஸ்புக் பக்கத்தில் அதே படத்தைப் போட்டு, ‘ஒரு ஏழைப் பெண்ணின் படிப்புக்கு உதவுங்கள், எல்லோருக்கும் பகிருங்கள்’ என்று எழுதினேன். அக்காவைக் கேட்கவில்லை. நல்லது செய்வதற்கு என்ன கேள்வி என்று நினைத்துவிட்டேன். இருநூறு பேர், முந்நூறு பேர் பகிர்ந்தார்கள் என்று ஏற ஏற எனக்குப் பெருமை தாங்கவில்லை.

முகம் தெரியாதவர்கள் நூறும் இருநூறுமாக அனுப்பினார்கள். மூன்றாம் நாள் மதியம் கேன்டீனில் அக்கா மூச்சு வாங்க ஓடி வந்தார். ஒரே தடவையில் இருபத்தைந்தாயிரம் வந்திருந்தது. “எந்தப் புண்ணியவானோ, தெரியலியேடி!” என்றார். இன்னும் சோற்றில் கை வைக்கவில்லை, அதற்குள் அவருடைய போன் அடித்தது. அழுகிற குரலில் ஒரு ஆள், நல்ல தமிழ்.

“அம்மா, என் சம்சாரத்துக்கு ஆபரேஷன். ஆஸ்பத்திரிக்குக் கட்ட வேண்டிய பணத்தைத் தப்பா உங்க கணக்குக்குப் போட்டுட்டேன். இந்த நம்பருக்குத் திருப்பி அனுப்பிடுங்கம்மா. உங்க காலைத் தொட்டுக் கும்பிடறேன்.”

அக்கா என் முகத்தைப் பார்த்தார். “அடுத்தவங்க காசு நம்மளுக்கு எதுக்குக்கா? பாவம், அனுப்பிடு” என்றேன். அவருக்கு அனுப்பத் தெரியாது. அவர் போனை வாங்கி, அந்த ஆள் சொன்ன நம்பரை நானே போட்டேன். அக்கா ரகசிய எண்ணை மட்டும் அழுத்தினார். ‘இந்தக் காலத்தில் இப்படியும் மனுஷங்களா’ என்று அந்த ஆள் வாழ்த்தியதைக் கேட்டு எனக்கு வயிறு நிறைந்துவிட்டது.

வியாழக்கிழமை இரண்டு பேரும் அரை நாள் லீவு போட்டு, ஃபீஸ் பணம் எடுக்க வங்கிக்குப் போனோம். கணக்கு முடக்கப்பட்டிருக்கிறது என்றார் அங்கிருந்த அலுவலர். சேர்த்து வைத்தது, நன்கொடை, அந்த மாதச் சம்பளம் எல்லாமே உள்ளே. ஒரு ரூபாய்கூட எடுக்க முடியாது.

நடந்ததைச் சொன்னோம். அவர் பொறுமையாக விளக்கினார். வெளிமாநிலத்தில் யாரையோ ஏமாற்றிப் பறித்த பணம் அது. திருடன் தன் கணக்கில் வாங்காமல், பொதுவெளியில் கிடைத்த அக்காவின் கணக்கில் போட வைத்து, எங்கள் கையாலேயே வேறு இடத்துக்கு மாற்றிக்கொண்டான். பணத்தை இழந்தவர் அந்த ஊர் போலீசில் புகார் கொடுத்திருக்கிறார். புகாரில் இருப்பது அக்காவின் கணக்கு.

“தெரியாத பணம் வந்தா தொடவே கூடாதும்மா. எங்ககிட்ட சொல்லியிருந்தா நாங்க பார்த்திருப்போம். இந்தப் பக்கத்தை யாரு ஊரெல்லாம் போட்டது?” என்று கேட்டார். “நான்தான்” என்றேன்.

திருவள்ளூருக்குப் போய் சைபர் கிரைம் போலீசில் எழுதிக் கொடுத்தோம். அவர்களும் நல்லபடியாகத்தான் பேசினார்கள். ஆனால் அந்த மாநிலத்திலிருந்து பதில் வர வேண்டுமாம். மறுநாள் வெள்ளி. என் கம்மலை அடகு வைத்தேன். பெட்டியில் இருந்தவர்கள் மறுபடியும் கொடுத்தார்கள். பாதிகூடத் தேறவில்லை. காலேஜில் கெஞ்சிப் பார்த்தோம். சனிக்கிழமை அந்த சீட்டை அடுத்த பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அக்கா என்னைத் திட்டவில்லை. “நீ இன்னா பண்ணுவ, நல்லதுன்னு நென்ச்சுதானே பண்ண” என்றார். நாலு அறை விட்டிருந்தால் தேவலை. அவர் மகள் மட்டும் ஒன்று கேட்டாள்.

“சித்தி, அந்தப் படத்த இன்னும் எடுக்கலியா?”

எடுக்கவில்லை. அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. அவள் கண் முன்னாலேயே அழித்தேன். முந்நூறு பேர் பகிர்ந்ததை எப்படி அழிப்பது?

கணக்கைத் திறந்துவிட ஏழு மாதம் ஆனது. அதற்குள் அந்தப் பெண் எங்கள் கம்பெனியிலேயே பேக்கிங்கில் சேர்ந்துவிட்டாள். ‘அடுத்த வருஷம் பாத்துக்கலாம்’ என்றாள். அடுத்த வருடமும் போய்விட்டது. இப்போது எனக்குப் பக்கத்து மேசையில்தான் நிற்கிறாள். என்னைவிட வேகமாக அட்டைப்பெட்டி மடிக்கிறாள்.

‘நம்ம குரூப்புல மட்டும்’ என்று அக்கா தெளிவாகத்தான் சொன்னார். அவர் என்னை நம்பிக் கொடுத்த ஒரு பக்கத்தை, அவரைக் கேட்காமல் ஊருக்கே காட்ட எனக்கு யார் உரிமை கொடுத்தது என்று, அந்தப் பெண் டேப்பைக் கிழித்து ஒட்டும் சத்தம் கேட்கும் போதெல்லாம் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.