குடோனில் யாரும் இல்லை

வில்லியனூரில் நாங்கள் இருக்கும் இடம் ஊருக்குக் குடோன், எங்களுக்கு வீடு. முன்பக்கம் நான் நைட்டி தைக்கிறேன். பின்பக்கம், கம்பெனியில் நைட் ஷிஃப்ட் முடித்து வந்த என் வீட்டுக்காரர் பகலெல்லாம் குறட்டை விடுகிறார். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் சோபா தைக்கும் பாயும் பாயம்மாவும். எல்லாருக்கும் ஒரே வாசல், முன்னால் இருக்கும் இரும்பு ஷட்டர்.

ஒருநாள் ஓனர் போன் செய்தார். "கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸ்லேர்ந்து ஆள் வர்றாரு. குடித்தனம்னு தெரிஞ்சா சீல்தான். இன்னா பண்ணுவீங்களோ, வூடுன்னு தெரியக் கூடாது."

இதை விட்டால் மெஷினைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? தட்டுமுட்டுச் சாமான்களை ஒளித்தோம். கேஸ் சிலிண்டருக்கு ஒரு பூப்போட்ட நைட்டியை மாட்டினேன். எனக்குக்கூட அது அவ்வளவு எடுப்பாக இருந்ததில்லை. வீட்டுக்காரர் எழுப்பினால் எழுந்திருக்கும் ரகமா? அவர்மேல் துணியைக் குவித்து மூடிவிட்டு, குறட்டை கேட்காமலிருக்க மெஷினை விடாமல் ஓட்டினேன்.

உச்சிவெயிலில் வந்தார் ஆபீசர். "இங்க யாராவது தங்குறீங்களா?"

"ஐயய்யோ, இல்ல சார். காலைல வந்து தச்சிட்டு சாயந்திரம் போய்டுவோம்."

தலையாட்டிவிட்டு, வியர்வையைத் துடைத்தபடி கிளம்பினார். தப்பித்தோம் என்று நினைத்தேன்.

"இன்னா சார், சோத்து நேரத்துல வெறும் வயித்தோட போறீங்க?" என்றார் பாயம்மா. "மீன் கொழம்பு சூடா இருக்கு. ஒரு வாய் சாப்ட்டுப் போங்க."

அடிப்பாவி! பாயம்மாவை மட்டும் சொல்வானேன்? "அப்பளம் பொரிக்கட்டுமா சார்?" என்று கேட்டுக்கொண்டே நானே போய் சிலிண்டரின் நைட்டியைத் தூக்கினேன். பாய் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

ஆபீசர் சிரிக்கவில்லை. சிலிண்டரைப் பார்த்தார். பக்கத்திலேயே கூரைவரை அடுக்கியிருந்த சோபா ஸ்பாஞ்சைப் பார்த்தார்.

"இது பத்திக்கிச்சின்னா எப்படிமா வெளிய போவீங்க?"

"ஓடிடுவோம் சார்," என்றேன் வீறாப்பாக.

"சரி. யாரும் இல்லன்னே எழுதிட்டுப் போறேன். நாளைக்கே பத்திக்கிச்சின்னா, நெருப்ப அணைக்க வர்றவனும் அதத்தான் நம்புவான். உள்ள ஆள் இருக்கான்னு எவனும் தேட மாட்டான்."

அவர்மேல் எரிச்சலாக வந்தது. மனுஷன் சொன்னது நியாயமாக இருந்ததில் இன்னும் எரிச்சல்.

"இருக்கோம்னு எழுதினா?"

"காலி பண்ணச் சொல்லுவாங்க. பின்னால ஒரு கதவு வச்சு, அடுப்ப வெளிய கொண்டுபோனா நான் பேசிப் பாக்குறேன். உறுதியா சொல்ல முடியாது."

பாயும் பாயம்மாவும் என்னையே பார்த்தார்கள். மெஷின் நின்றிருந்ததால் துணிக்குவியல் குறட்டை விடுவது நன்றாகவே கேட்டது.

ஆபீசர் திரும்பினார். "அது இன்னா சத்தம்?"

நான் போய்த் துணியை விலக்கினேன். இத்தனை களேபரம் நடந்தும் அந்த மனுஷன் புரண்டுகூடப் படுக்கவில்லை.

"இவரு எப்படிமா ஓடுவாரு?" என்றார் ஆபீசர்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"எழுதுங்க சார்," என்றேன். "நாலு பேர் இருக்கோம்னு எழுதுங்க."