அடுப்போரம் வைத்த பேட்டரி

எழுபதுகளில் மலேசியாவில், பீடோங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில், தீர்ந்துபோன ரேடியோ பேட்டரிகளை வெயிலில் காயவைப்போம். சூடேறினால் இன்னும் கொஞ்ச நேரம் பாடும். அந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்து மழை. சிங்கப்பூரில் வேலையிலிருந்த என் கணவர் நேயர் விருப்பத்துக்கு எழுதிப் போட்டிருந்தார். அவர் போய் இரண்டு தீபாவளி ஆகியிருந்தது. பேட்டரிகளை அடுப்போரம் சூடாக்கிப் போட்டேன். அவர் பெயரைச் சொன்னார்கள். யாருக்காகக் கேட்கிறார் என்று சொல்வதற்குள் ரேடியோ அடங்கிவிட்டது.

என் அழுகை கேட்டு வந்த பக்கத்து வீட்டு மேரி அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன்.

"இப்பதான் கடை ரேடியோவுல கேட்டுட்டு வரேன் லா. உன் பேரைத்தான் சொன்னாங்க."

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக் கடை திறக்காது என்று எனக்குத் தெரியும். இருந்தும், "இன்னொரு தடவ சொல்லுங்கக்கா" என்றேன்.