நாலாகக் கீறிய புத்தகம்

காலையில் ஆன்லைன் இன்டர்வியூ. எனக்கு இது நான்காவது. இதுவும் போனால் உப்பளத்தில் மேஸ்திரியிடம் பேசிவிடுவதாக அப்பா சொல்லியிருந்தார். வீட்டில் சிக்னல் மொட்டைமாடியில்தான் வரும். மேலே சட்டை, கீழே லுங்கி, எதிரே உப்புக் குவியல்கள்.

"ஸ்டாக்குக்கும் கியூவுக்கும் என்ன வித்தியாசம்?" என்றார் மேடம். கம்ப்யூட்டர் படித்தவனுக்கு இது அரிச்சுவடி. "ஸ்டாக்குல கடைசியா வச்சதுதான் மொதல்ல வெளிய வரும், தோசை அடுக்கு மாதிரி" என்று கெத்தாகச் சொல்லி நிறுத்தினேன். யோசிப்பதற்காக அல்ல. மிச்சத்தை ஸ்டெல்லா சொல்வாள் என்று காத்திருந்தேன்.

காற்றில் உப்புத்தண்ணி வாடை. இதே வாடைதான் காலேஜ் போகும்போது பஸ் ஜன்னலில் ஏறி, கீழ்புத்துப்பட்டில் இறங்கிக்கொள்ளும். கடைசி சீட்டில் நான், ஸ்டெல்லா, முருகன், தினேஷ். நாலு பேருக்கும் ஒரே புத்தகம். பிளேடால் நாலாகக் கீறி, அவரவர் துண்டைப் படித்து பஸ்ஸில் மற்றவர்களுக்குச் சொல்வோம். படிப்பு என்று நாங்கள் செய்தது அவ்வளவுதான், நம்புங்கள்.

கியூ ஸ்டெல்லாவின் துண்டில் இருந்தது. "மொதல்ல வர்றது மொதல்ல போவும்" என்று சரியாகத்தான் சொன்னாள். முருகன் விடவில்லை.

"எந்த ஊர்ல போவுது? நம்ம பஸ் ஸ்டாண்ட பாரு. கடைசியா வர்றவன்தான் ஜன்னல்ல பைய போட்டுட்டு மொதல்ல ஏறுறான்."

ஸ்டெல்லாவே மடங்கிவிட்டாள். "அப்ப புக்குலதான் தப்பா போட்டுட்டாங்க போல."

கிளாஸ் டெஸ்டில் நாலு பேப்பரிலும் ஒரே பதில்: கியூவில் கடைசியாக வருவதுதான் முதலில் போகும். சார் கூப்பிட்டார். "யாரு யார பாத்து எழுதனது?"

"யாரும் பாக்கல சார். ஒண்ணாதான் தப்பா கத்துக்கினோம்" என்றாள் ஸ்டெல்லா.

நாலு மூலையில் உட்கார வைத்து மறுபடி எழுதச் சொன்னார். மறுபடியும் அதே தப்பு. அவர் சிரித்துவிட்டார். "போங்க, ஒங்க நாலு பேருக்கும் சேத்து ஒரே மண்டதான்."

அன்று பஸ்ஸில் ஸ்டெல்லா என்னைப் பார்த்துத் தீர்ப்பு சொன்னாள். "ஏம்பா, இனிமே ஸ்டாக்க நீ சொல்லு. கியூவ நான் சொல்றேன். முருகன் வாயத் தொறக்கவே கூடாது." பரீட்சை ஹாலில் கியூ வந்தால் அவள் குரல் காதில் ஓடும். அதைக் கேட்டுத்தான் எழுதுவேன்.

"ஹலோ, ஆர் யூ தேர்?" என்றார் மேடம். ஸ்டெல்லாவின் குரல் வரவில்லை. முருகனின் குரல்தான் வந்தது. அதையே சொல்லித் தொலைத்தேன். "ஓகே, தேங்க் யூ" என்றார். அந்த ஓகே எனக்கு ஏற்கெனவே பழக்கம்.

முருகன் துபாயில், தினேஷ் ஓசூரில். ஸ்டெல்லாவுக்கு ஆரோவில்லில் வேலை. அந்த வழியாகத்தான் இன்றும் அதே பஸ் போகிறது, எனக்கு ஏறுவதற்குக் காரணம்தான் இல்லை. எங்கள் குரூப்பில் கடைசியாகக் கிடப்பது பொங்கல் வாழ்த்து, அதுவும் ஃபார்வர்டு.

கீழே வந்து என் துண்டைத் தேடி எடுத்தேன். கடைசிப் பக்கத்தின் கடைசி வரி, "கியூவில் முதலில் வருவது" என்று நிற்கிறது. மிச்சம் ஸ்டெல்லாவிடம் இருக்கிறது.