ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்தவர்

குலசேகரத்துக்குப் பக்கத்தில் கையுறை செய்யும் ஒரு தொழிற்சாலையில் கொள்முதல் பார்க்கிறேன். ரப்பர் பால் இங்கேயே கிடைக்கும். அதில் கலக்கிற ஒரு பொடி மட்டும் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் தூத்துக்குடிக்கு வரவேண்டும். அது இல்லாவிட்டால் கையுறை போட்டதும் கிழிந்துவிடும். எந்தச் சரக்கு எங்கே தடைப்படும் என்று முன்கூட்டியே பயப்படுவதுதான் என் வேலை.

என் கணவரும் சரக்குக் கப்பலில்தான் இருக்கிறார், எஞ்சின் அறையில். அந்த வருடம் ஒன்பது மாதம் முடித்து, மகள் தேவாலயத்தில் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற புதுநன்மைக்குப் பத்து நாள் முன்னால் வருவதாக இருந்தது. வெள்ளை உடுப்பு தைத்து வாங்கியாயிற்று. ஒரு காலை, புதுக்கடை நிறுத்தத்தில் பேருந்துக்கு நிற்கும்போது போனில் அழைத்தார்.

"ஏட்டி, செங்கடல்ல கப்பலுகள அடிக்கானுவ. ஆப்பிரிக்காவச் சுத்திப் போறோம். எல்லாக் கப்பலும் அப்படித்தான் திரும்புது."

"அப்பம் நீங்க எப்பம் வருவிய?"

"தெரியல்ல."

இணைப்பு அறுந்துவிட்டது. பேருந்தில் உட்கார்ந்ததும் எனக்கு முதலில் நினைவு வந்தது அந்தப் பொடி. இதை இன்றுவரை அவரிடம் சொன்னதில்லை.

பொடி வரத் தாமதமாகும் என்று சொன்னபோது மேலாளர் நம்பவில்லை. "ஏஜென்டு ஒண்ணும் சொல்லல்லியே. ஒனக்கு யாரு சொன்னா?"

"எனக்க வீட்டுக்காரரு. அவரும் அந்த வழியாத்தான் வரணும்."

அவர் சிரிக்கவில்லை. "ஸ்டாக் எத்தன நாளைக்கு இருக்கு?"

"பதினெட்டு."

அன்றே பொடிக்காக மும்பையில் ஒரு வியாபாரியைப் பிடித்தேன். மார்த்தாண்டம் பக்கத்து இன்னொரு தொழிற்சாலையில் என் வேலையையே பார்க்கும் ஓர் அக்கா, "மக்கா, நாலு சாக்கு தாறேன். நாளைக்கு எனக்கு முட்டு வந்தா நீ தரணும், கேட்டியா?" என்றார். எங்கள் கொள்கலன் ஒரு மாதம் தாமதமாக வந்தது. இயந்திரம் ஒரு நாள்கூட நிற்கவில்லை. மேலாளர் எல்லார் முன்னாலும் பாராட்டினார். நான் கிடங்குக்குள் போய்ச் சாக்குகளுக்கு நடுவே நின்று அழுதேன்.

வீட்டில் மகள் சொல்லிவிட்டாள்: "அப்பா வந்த பொறவு போதும்மா."

கணவரின் அக்காவுக்குக் கோபம். "எல்லாப் பிள்ளையளும் எடுக்கும்போ இவ மட்டும் நிக்கணுமா? அடுத்த வருசம் அவன் கரையில இருப்பான்னு நீ கண்டியா?"

"காணல்ல," என்றேன். வேலையில் யாருக்காகவும் எதையும் நிறுத்திவைக்க விடமாட்டேன். இதை நிறுத்தினேன். மற்றப் பிள்ளைகள் நன்மை எடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயில் மணி அடித்தபோது மகள் அலமாரியைத் திறந்து உடுப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு மூடினாள். நான் பார்க்காததுபோல் இருந்தேன்.

நாற்பத்து மூன்று நாள் கழித்துக் கணவர் திருவனந்தபுரத்தில் வந்து இறங்கினார். மெலிந்திருந்தார். காரில், புதுநன்மைப் படம் எங்கே என்று கேட்டார். சொன்னேன். களியக்காவிளை தாண்டியதும் மெதுவாக, "எனக்காவ நிறுத்தினியா?" என்றார்.

மறுநாள் காலை அவரே போய்ப் பங்குச் சாமியாரைப் பார்த்தார். அடுத்த வாரம், ஒரு புதன்கிழமைக் காலைப் பூசையில், மகள் ஒற்றையாக நின்று நன்மை எடுத்தாள். பூசைக்கு வந்தவர்கள் பதினைந்து பேர் இருக்கலாம், பாதிப் பேர் மீன் விற்கப் போகிற அவசரத்தில். கணவர் பீடத்தைப் பார்க்கவே இல்லை. மகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டரை மாதத்தில் திரும்பிப் போய்விட்டார்.

போன மாதம் ஒரு மாலை செய்தி அனுப்பினார்: "கொழும்புக்குப் போறோம். இப்பம் நம்ம ஊருக்கு நேரா இருக்கேன்." மகளை அழைத்துக்கொண்டு கடற்கரைக்கு ஓடினேன். அவ்வளவு தூரத்தில் போகிற கப்பல் தெரியாது என்று எனக்குத் தெரியும். வெறும் தண்ணீர்தான்.

"எந்தப் பக்கமா கை காட்டணும்மா?" என்று மகள் கேட்டாள்.

தெற்கே காட்டினேன்.