மேசை மேல் ஹட்டன் டவுன்

துரை சீமையிலிருந்து வரவழைத்த பொம்மை ரயிலைப் பார்த்த அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. மூன்று மாதமாக, தொழிலாளர் குடியிருக்கும் எங்கள் லயத்து வரிசைவீட்டுக் கூரையில் ஓட்டை. தகரம் கேட்டால், வேலை மேற்பார்க்கும் கண்டாக்கையா "பார்ப்போம், பார்ப்போம்" என்பார். பிறந்து நாற்பது நாளான என் மகளின் தொட்டிலை, மழை ஒழுகும் பக்கம் பார்த்து மூலைக்கு மூலை மாற்றிக் கட்டிக்கொண்டிருந்தாள் என் மனைவி. இங்கே ரயிலுக்குத் தனி அறை!

நான் துரையின் தேயிலைத் தோட்டத்து பேக்டரியில் பெட்டி அடிக்கும் தச்சன். தச்சனை இங்கே பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். பங்களாவின் காலி அறையில் பெரிய மேசை போட்டுத் தண்டவாளம் பொருத்தியிருந்த துரை, அதைச் சுற்றி, மலைக்குக் கீழே இருக்கும் ஹட்டன் டவுனை அப்படியே செய்து தரச் சொன்னார்.

"எல்லாம் நெசமா இருக்கணும், பாஸ். நெசமா."

ஞாயிற்றுக்கிழமைகளில் இறங்கிப்போய்க் கடை கடையாக முழம் போட்டு அளந்தேன். "என்ன பாஸ், கடையை வாங்கப் போறீங்களா?" என்று புடவைக்கடை முதலாளி கேலி செய்தார். பெட்டிப் பலகையில் சுவர். பெட்டிக்குள் ஒட்டும் ஈயத்தாளில் கூரை. ஸ்டேஷன் சுவருக்கு விளக்குக் கரி, மழைநாள் வீதிக்குக் கழிவுத் தேயிலைத் தூள். கோயில் கோபுரத்தை மட்டும் குளித்துவிட்டு வந்து செய்தேன்.

மேசையில் ஒரு மூலை மிச்சம் இருந்தது. ஸ்டேஷனுக்கு மேலே, சரிவில், எங்கள் லயம் இருக்கிற இடம். மனசு கேட்கவில்லை. குடும்பத்துக்கு ஒன்றாக ஆறு காம்பிரா அறைகளோடு லயத்தையும் வைத்தேன். நெசமா இருக்கணுமே! கூரை ஓட்டைகளையும் எண்ணிப் போட்டேன்.

"வேணாங்க, நம்ம வேலைக்கே வேட்டு வச்சிராதீங்க," என்று மனைவி அழுதாள். வேலை போனால் காம்பிராவும் போகும். தெரிந்தேதான் செய்தேன்.

ஓடவிடும் நாளில் துரை, துரைசாணி, கண்டாக்கையா எல்லோரும் நின்றார்கள். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கப் போனேன். பழம் இன்ஜினைவிடப் பெரிதாக இருந்தது. பங்களாத் தோட்டத்துக்கு ஓடி, ஒரு மணத்தக்காளிப் பழம் பறித்து வந்து வைத்தேன். துரை சிரிக்காமல் ஒதுங்கி நின்றார்.

ரயில் பழத்தை நசுக்கிக்கொண்டு கிளம்பியது. கடைவீதிக்குப் பின்னால் மறைந்து, கோயிலைச் சுற்றி, ஸ்டேஷனில் வந்து நின்றது. அடேயப்பா! யாராவது கடைவாசலில் வந்து எட்டிப்பார்ப்பார்கள் என்றே நினைத்தேன். என் கையா இதைச் செய்தது? கோபம் போன இடம் தெரியவில்லை.

துரை குனிந்தபடியே ரயிலோடு நடந்தார். லயத்தருகே நின்றார். மண்டியிட்டு, ஓட்டை வழியாக ஒரு கண்ணால் உள்ளே பார்த்தார்.

"கூரை ஏன் ஓட்டை?"

"நெசமா இருக்கணும்னீங்களே, தொரை."

கண்டாக்கையாவின் முகம் செத்துப்போனது. துரை எழுந்திருக்க வெகுநேரம் ஆனது. எழுந்ததும் வெளியே போனார்.

நாலாம் நாள் லாரியில் தகரம் வந்தது, எங்கள் லயத்துக்கு மட்டும். கூரை மாற்றி முடிந்த அன்று மத்தியானம் பெய்த மழையில் மகள் நனையாமல் தூங்கினாள். நாங்கள் இருவரும் கூரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு கலைந்ததும் என் வாசலில் கூட்டம். மேல்லயத்துப் பெண் ஒருத்தி, இடுப்பில் பிள்ளையோடு முன்னால் வந்தாள்.

"அண்ணே, எங்க லயத்தையும் அந்த மேசையில வச்சிருங்கண்ணே."

மேசையில் ஒரு விரல் வைக்கவும் இடமில்லை. அன்று சாயங்காலமே உளியை எடுத்துக்கொண்டு பங்களாவுக்குப் போய், துரையைக் கேட்காமலே, கடைவீதியில் பாதியைப் பெயர்த்தெடுத்தேன்.