ஐஸ் வண்டியும் சிவப்பு மீனும்

காலை ஐந்து நாற்பது. கடலூர் துறைமுகத்தில் முதலில் கண்ணில் பட்டது ஈரத் தரையில் கிடந்த ஒரு சிவப்பு மீன். உள்ளங்கை அகலம், உடம்புக்குப் பொருந்தாத பெரிய தலை, முதுகில் வரிசையாக முட்கள். ஆழ்கடலுக்குப் போன விசைப்படகின் வலையில் வந்தது. விலை போகாதவற்றோடு ஒதுக்கியிருந்தார்கள். அதற்கென்று அங்கே யாரும் தனிப் பெயர் சொல்லவில்லை.

என் மனைவியின் தம்பி படகுகளுக்கு ஐஸ் கொண்டுபோகும் வண்டி ஓட்டுகிறார். சிதம்பரத்திலிருந்து அன்று அந்த வண்டியில்தான் வந்திருந்தேன். செத்த மீன்தானே என்று எனக்குக் காட்டத் தூக்கியவர் உடனே கீழே போட்டார். வலது கட்டைவிரலில் ஒரு சொட்டு ரத்தம்.

துறைமுகத்தில் அடிபட்டாலும் வீங்கினாலும் ஐஸ்தான். அவரும் கையை மணிக்கட்டுவரை ஐஸுக்குள் புதைத்தார். சற்று நேரத்தில் வலி முழங்கைக்கு ஏறியது. முகமெல்லாம் வியர்வை.

“கை போயிடுமா மாமா? ஸ்டியரிங் புடிக்கணுமே” என்றார்.

தெரிந்த மருத்துவருக்குப் போன் செய்து, மீனின் படத்தையும் அனுப்பினேன். செத்த பிறகும் முள்ளில் விஷம் இருக்கும், சூட்டுக்குத்தான் அது அடங்கும், கையைத் தாங்கக்கூடிய வெந்நீரில் வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்து வாருங்கள் என்றார். மச்சான் நம்பவில்லை. ஐஸ் போதவில்லை என்று இன்னும் அள்ளிப் போடச் சொன்னார்.

டீக்கடையில் ஒரு வாளி வெந்நீர் வாங்கினேன். என் கையை விட்டுச் சூடு பார்த்த பிறகு அவர் கையை இழுத்து உள்ளே வைத்தேன். மீன் பிரித்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம், “ஐஸ்காரரே சுடுதண்ணியில கைய வெச்சிட்டாரு. இனிமே நம்ம மீன யாருடி நம்பி வாங்குவா?” என்றார். மச்சானுக்குச் சிரிப்பு வரவில்லை.

தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றியபோது அந்த மீனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதைப் பற்றிப் பிறகு படித்தேன். வெளிச்சம் எட்டாத சேற்றில் அசையாமல் கிடக்கும். அங்கே அதன் சிவப்பு கறுப்பாகத்தான் தெரியும். இரையைத் துரத்தாது, வாயருகே வந்ததை விழுங்கும். வேட்டையில் முள்ளுக்கு வேலையே இல்லை. தன்னை இன்னொன்று விழுங்காமலிருக்க மட்டுமே அது. மச்சானின் விரல் இருக்கும் இடத்துக்கு அந்த மீன் தானாக வந்திருக்க வழியே இல்லை.

ஆறே முக்காலுக்கு வலி இறங்கியது. விரலை மெல்ல மடக்கிக் காட்டினார். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். துறைமுக வாசலில் நின்ற அவருடைய வண்டியிலிருந்து ஐஸ் உருகித் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.